மெதுவா இறக்குங்க

கடலோர ஊர் ஒன்றில், பழைய ஐஸ் கம்பெனிக்கு எதிரே, தோள் வலிக்காரர்கள் வந்து சேரும் ஒரு கூடம் இருந்தது. முதுகுக்காரர்களும் முழங்கால்காரர்களும் வருவார்கள்தான். ஆனாலும் அந்தக் கூடத்துக்குப் பேர் வாங்கித் தந்தது தோள்.

அங்கே சொல்லித் தருகிறவள் செண்பகவல்லி. பிசியோதெரபி படித்தவள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மகள் வயது, மீதிப் பேருக்குத் தங்கை வயது. ஆனால் எல்லாரும் அவளை மிஸ் என்றே கூப்பிட்டார்கள்.

அதை ஆரம்பித்து வைத்தவள் ஆக்னஸ். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் படித்த பழக்கம். முதல் நாள் வந்தபோது வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "உள்ளே வரலாமா, மிஸ்?" என்று கேட்டாள்.

கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பால்பாண்டி அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் கயிறு கையை விட்டு ஓடியது.

"வாம்மா, வா. வீட்டுப்பாடம் எழுதிட்டு வந்தியா?"

அண்ணாச்சி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சர்க்கரை வந்து, கூடவே வலது தோளும் பூட்டிக்கொண்டது. கதவு மேல் கட்டியிருக்கும் கப்பியில் கயிற்றைப் போட்டு, நல்ல கையால் இழுத்து, பூட்டிய கையை மேலே ஏற்றுவது அவர் வேலை. வாய்க்கு வேலை தனி.

ஆக்னஸுக்கு இடது தோள். நாள்பட்ட வலி. முதலில் துணி காயப்போடும்போது வலித்தது. அப்புறம் தலை பின்னும்போது. அப்புறம் ஒருக்களித்துப் படுக்கும்போது. பெரிய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். கிழிசல் எதுவும் இல்லை, தசைநார் நலிந்து போயிருக்கிறது, பயிற்சிதான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வலியை அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். மாடிப்படியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒன்றரை வயது ஜோவியை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். நடுப்படியில் தோளுக்குள் ஒரு வெட்டு. கை அவளுடையதாகவே இல்லை. பிள்ளை அவள் நைட்டியைப் பிடித்தபடி வழுக்கிக்கொண்டே போய்ப் படியில் உட்கார்ந்தது. ஒரு கீறல் இல்லை. சறுக்கு விளையாட்டு என்று நினைத்துக் கெக்கலித்துச் சிரித்தது.

ஆக்னஸ் அந்தச் சிரிப்பை அதற்குப் பிறகு பல தடவை கேட்டாள். தூக்கத்திலும் கேட்டாள்.

அன்றோடு பிள்ளையைத் தூக்குவதை விட்டுவிட்டாள். வலது கையால் தூக்கலாமே என்று சொன்னவர்களிடம், "ஒரு கை விட்ட மாதிரி இன்னொரு கை விடாதுன்னு யாரால சொல்ல முடியும்?" என்றாள்.

கணவன் கப்பலில். வீட்டில் அவன் தங்கை பிரின்சிதான் துணை. குளிப்பாட்டுவது, தொட்டிலில் போடுவது, மாடி ஏற்றுவது இறக்குவது எல்லாம் பிரின்சி. கூடத்துக்குப் பிள்ளையைத் தூக்கி வருவதும் அவள்தான்.

ஆக்னஸ் முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"மிஸ், நான் எப்போ பிள்ளையைத் தூக்கலாம்?"

மிஸ் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"வலது கையை இதுல ஊனிக் குனிங்க. இடது கையைத் தொங்க விடுங்க."

ஆக்னஸ் குனிந்தாள். "கையை ஆட்டணுமா மிஸ்?"

"வேண்டாம். விட்டுடுங்க. உடம்பு லேசா ஆடட்டும். கை தானா ஆடும்."

ஆக்னஸ் ஆட்டினாள். வட்ட வட்டமாக, கோலம் போடுகிற மாதிரி சுத்தமாக ஆட்டினாள்.

மிஸ் தரையில் உட்கார்ந்து, அந்தக் கையை மணிக்கட்டில் ஏந்திப் பார்த்தாள். காய்கறிக் கடையில் எடை பார்க்கிற மாதிரி ஏந்தினாள்.

"உங்க கை என்கிட்ட வரவே இல்ல, அக்கா. நீங்களே பிடிச்சு வச்சிருக்கீங்க."

"விட்டா விழுந்துருமே, மிஸ்."

"எது, கையா?"

ஆக்னஸ் குனிந்தபடியே திரும்பி, பிரின்சியின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

கப்பிக்குக் கீழேயிருந்து அண்ணாச்சி சொன்னார்: "விழாதும்மா. தோள்ல நல்லாத் தச்சுத்தான் அனுப்பிருக்கான் கடவுள்."

அன்றைக்கு அந்தக் கை தொங்கவில்லை. அடுத்த வாரமும் தொங்கவில்லை. ஒரு நாள் மிஸ் சூட்டுப் பையைத் தோளில் போட்டுவிட்டு வேறு ஒருவரைப் பார்க்கப் போயிருந்தாள். சூட்டின் சுகத்தில் ஆக்னஸுக்குக் கண் சொருகியது. விழித்தபோது மிஸ் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"வந்துருச்சு," என்றாள் மிஸ். "என்ன கனம்!"

*

கூடத்தின் ஒரு சுவரில் மரச்சட்டம் அறைந்திருந்தது. அதில் மேலும் கீழுமாகப் பல் பல்லாக வெட்டுகள். இரண்டு விரல்கள் ஒவ்வொரு பல்லாக ஏற வேண்டும். விரலின் பின்னாலேயே கையும் ஏறும்.

ஆக்னஸ் அதில் ஏறுவாள். ஏறிவிட்டு உடனே திரும்பி மிஸ்ஸின் முகத்தைப் பார்ப்பாள். கையெழுத்துக்கு நோட்டில் நட்சத்திரம் வாங்கி வளர்ந்த பிள்ளை அது.

ஒரு நாள் இதுவரை எட்டாத பல்லைத் தொட்டுவிட்டாள்.

"மிஸ்! இங்க பாருங்க, மிஸ்!"

மிஸ் பின்னால் வந்து நின்றாள். உள்ளங்கையை ஆக்னஸின் தோள்மேல் வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள், அவ்வளவுதான். மேலே இருந்த விரல்கள் தாமாகவே மளமளவென்று கீழே இறங்கிவிட்டன.

"என்ன மிஸ், இறங்கிருச்சு?"

"தோளைக் காது வரைக்கும் கொண்டு போயிட்டீங்க. குதிகால் தரையில இல்ல. இடுப்பு ஒரு பக்கமாச் சாய்ஞ்சிருக்கு. கை ஏறல, அக்கா. ஆளே ஏறிருக்கீங்க."

ஆக்னஸின் முகம் சிவந்துவிட்டது. "நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு..."

"எனக்குச் சுவர் ஏறிக் காட்டவா இவ்வளவு தூரம் வர்றீங்க?"

"முட்டி போட வச்சிராதீங்க மிஸ்," என்றார் அண்ணாச்சி. "அப்புறம் முட்டி வலிக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை இங்கதான் வரணும்."

மிஸ் சிரித்தாள். கையை எடுக்கவில்லை. "கீழேயிருந்து ஏறுங்க."

ஏறினாள். பழைய உயரத்தில் பாதிதான் வந்தது.

"இது உங்களோடது," என்றாள் மிஸ்.

ஜோவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே ரப்பர் பந்துகளுக்கு நடுவில் உருண்டுகொண்டிருப்பாள். களைத்துப் போனால் எழுந்து வருவாள். வந்து முதலில் அம்மாவைப் பார்ப்பாள். பிறகு அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிரின்சிக்கு முன்னால் இரண்டு கையையும் உயர்த்துவாள்.

"அத்த. தூக்கு."

அம்மாவிடம் கை நீட்டாதே என்று யாரும் சொல்லித் தரவில்லை. பிள்ளை தானாகப் படித்துக்கொண்டது.

பிரின்சி தூக்கிக்கொள்வாள். தூக்கும்போது தன் மைனி ஆக்னஸின் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவ்வளவு நல்ல பிள்ளை அவள்.

*

பிரின்சிக்கு நாகர்கோவில் பக்கம் மாப்பிள்ளை முடிவானது. கோவிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதர் வாசிப்பார். மூன்று ஞாயிறு மூன்று ஓலை. அப்புறம் கல்யாணம்.

முதல் ஓலை வாசித்த மறுநாள் ஆக்னஸ் கூடத்துக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது. வாயில் மட்டும் சிரிப்பு இருந்தது.

"தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னு பாதர் வாசிச்சப்ப, எந்திரிச்சு நின்னு, என் தோள்தான் பாதர் தடைன்னு சொல்லிரலாமான்னு இருந்துச்சு, மிஸ்."

"சொல்லிருக்கலாமே மைனி," என்றாள் பிரின்சி. "அவருக்கும் தோள் வலிதான். மூணு நாளா கையைத் தூக்கி ஆசீர்வாதம் குடுக்க முடியலன்னு புலம்பிட்டுத் திரியுதாரு."

அண்ணாச்சி கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார். பிரின்சியும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் குரல் தணிந்தது.

"கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொல்லி அண்ணன்ட்ட பேசட்டுமா, மைனி?"

"வாயிலயே போடுவேன்," என்றாள் ஆக்னஸ். பிறகு மிஸ்ஸிடம் திரும்பினாள். "இவ போயிட்டா அந்த மாடி வீட்ல நானும் பிள்ளையுந்தான். அம்மா வீட்டுக்குப் போகலாம்னா அம்மாவே நடக்க முடியாம கிடக்கா. பிள்ளை காய்ச்சல்ல விழுந்தா, ராத்திரி கரண்ட் போனா, நான் அவளைத் தூக்கிட்டு ஓடணும், மிஸ். இப்பவாவது சொல்லுங்க. எப்போ தூக்கலாம்?"

மிஸ் உள்ளே போனாள். ஒரு கல்லுப்புப் பொட்டலத்தோடு வந்தாள்.

"பிரின்சி, இதை அந்தத் தட்டுல வைம்மா."

ஆக்னஸின் தோள் உயரத்தில் சுவரில் ஒரு பலகைத் தட்டு இருந்தது. பிரின்சி வைத்தாள்.

"அக்கா, இடது கையால இதை எடுத்துத் தரையில வைங்க. மெதுவா."

"நான் தூக்குறதைக் கேட்டேன், மிஸ்."

"காதுல விழுந்துச்சு. இறக்குங்க."

ஆக்னஸ் பொட்டலத்தை எடுத்தாள். நெஞ்சு வரை வந்தது. இடுப்புக்கு வந்ததும் தோளில் சுருக்கென்றது. சீக்கிரம் கீழே வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டாள். பொட்டலம் கையை விட்டது. தரையில் பட்டு வெடித்தது. கூடமெல்லாம் உப்பு.

ஜோவி ஓடி வந்து ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். சுளித்துவிட்டு இன்னொரு கல்லை எடுத்தாள்.

ஆக்னஸ் உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தீங்களா மிஸ்? இதேதான். படியிலயும் இதேதான்."

மிஸ் விளக்குமாற்றை எடுத்து உப்பைக் கூட்டத் தொடங்கினாள். கூட்டிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, மாஞ்சோலை மலைக்கு நீங்கதானே வண்டி ஓட்டுவீங்க?"

"பாதி ஆயுசு அந்த மலையிலதானம்மா போச்சு."

"ஏத்தத்துல பயமா, இறக்கத்துலயா?"

"ஏத்தத்துல வண்டிதான் முக்கும். மனுசனுக்கு என்ன? இறக்கத்துலதான் பின்னால இருக்க அத்தனை உசுரும் நம்ம முதுகுல வந்து சாயும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"பயந்தவன் என்ன செய்வான்னு கேளு, சொல்லுதேன். வெரசாக் கீழ போயிரணும்னு பாப்பான். பிறகு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவான். பிரேக் சூடாகிக் கையை விரிச்சிரும். நான் ஏறின கியர்லயேதான் இறக்குவேன். இஞ்சின் உர்ருன்னு உறுமிக்கிட்டே வண்டியைப் பிடிச்சுக்கிட்டு வரும். கீழ வந்து சேர்ற வரைக்கும் வண்டி நம்ம கையில இருக்கும்."

"மலை ரூட்டுக்கு ஆள் எடுக்கும்போது எதுல டெஸ்ட் வைப்பாங்க, அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? இறக்கத்துலதான். ஏத்தத் தெரிஞ்ச பய ஊரு பூரா கிடக்கான்."

மிஸ் உப்பை ஓரமாகக் குவித்தாள். உள்ளே போய் இன்னொரு பொட்டலம் கொண்டு வந்து பிரின்சியிடம் கொடுத்தாள்.

பிரின்சி அதைத் தட்டில் வைத்தாள்.

"மெதுவா இறக்குங்க," என்றாள் மிஸ்.

*

வீட்டில் சமையல்கட்டுத் தட்டில் உப்புப் பொட்டலம் போட்ட ஒரு துணிப்பை ஏறியது. பிரின்சி ஏற்றுவாள், ஆக்னஸ் இறக்குவாள். ஜாக்கெட் அளவுக்கும் பத்திரிகைக்கும் மாப்பிள்ளையின் போனுக்கும் நடுவில் பிரின்சி ஓடி வந்து பையை மேலே வைத்துவிட்டு ஓடுவாள்.

கொஞ்சம் பழகியதும் பையில் இன்னொரு பொட்டலம் சேர்க்கச் சொன்னாள் மிஸ். அப்புறம் அரிசி போடச் சொன்னாள். பை கனத்துக்கொண்டே வந்தது.

"உப்பும் அரிசியும் வச்சு இறக்குதோம், மைனி. யாராவது பாத்தா ஏதோ கோவில் நேர்ச்சைன்னு நினைப்பாக," என்றாள் பிரின்சி.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று.

அந்த வாரம் கூடத்தில் ஆக்னஸ் பையை இறக்கிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்து, ஒரு கண்ணை இடுக்கி, 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இறக்கினாள். வலது கை இடது முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தது.

பின்னாலிருந்து இன்னொரு 'ஸ்ஸ்ஸ்' கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். ஸ்டூல் மேலிருந்த ரப்பர் பந்தை ஜோவி எடுத்துக்கொண்டிருந்தாள். வலது கையால் இடது முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். ஒரு கண்ணை மட்டும் மூடத் தெரியாமல் இரண்டையும் மூடியிருந்தாள். பந்தைத் தரையில் வைத்ததும் பெருமூச்சு விட்டாள். பிறகு அடுத்த பந்துக்குப் போனாள்.

பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "டிக்கெட் இல்லாம சினிமா காட்டுது பாரு, சின்னக் குட்டி!"

ஆக்னஸ் பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மிஸ், அவளுக்கும் தோள்ல ஏதாவது இருக்குமோ?"

"இல்ல, அக்கா."

"பின்ன ஏன் மிஸ் முகம் அப்படிப் போகுது?"

"ஒரு சாமானை எடுக்கிறதுன்னா அப்படித்தான் எடுக்கணும்னு நினைச்சிருக்கா."

ஜோவி மூன்றாவது பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் என்ன செய்யட்டும்? வலிக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டே இறக்கவா?"

"வேண்டாம். அப்புறம் பொய்யையும் படிச்சுக்குவா."

"அப்ப என்னதான் செய்யணும், மிஸ்?"

"வலிச்சா வலிக்குதுன்னு வாயால சொல்லுங்க. சொல்லிட்டு இறக்குங்க. வலிக்காத இடத்துல வலிக்கலன்னும் சொல்லுங்க."

அன்றிலிருந்து வீட்டில் ஆக்னஸ் பேசிக்கொண்டே இறக்கினாள். ஜோவி சுவரோரம் சம்மணமிட்டுக் கேட்பாள்.

"இங்க வலிக்கல, ஜோவி... இங்கயும் வலிக்கல... இந்தா, இந்த இடத்துல வலிக்குது... போயிருச்சு... இப்ப வலிக்கல. வந்துட்டோம்."

"வந்தோம்," என்று ஜோவி கை தட்டுவாள்.

பையைத் தரையில் வைத்த பிறகு ஆக்னஸ் சில சமயம் தன் வாய் சொன்னதைத் தன் காதே நம்பாத மாதிரி நிற்பாள்.

*

மூன்றாவது ஓலையும் முடிந்தது. தடை என்று யாரும் எழுந்து நிற்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மூன்று பேரும் கூடத்துக்கு வந்தார்கள். பிரின்சி அண்ணாச்சிக்கும் மிஸ்ஸுக்கும் பத்திரிகை கொடுத்தாள். அண்ணாச்சி பூட்டின கையையே நீட்டி வாங்கினார். நீட்டின உயரத்தைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டுக்கொண்டார்.

"பை என்ன சொல்லுது, அக்கா?" என்றாள் மிஸ்.

"தினமும் இறக்குறேன், மிஸ்."

"நேத்தும்?"

"நேத்தும்."

"மேல வைக்கிறது பிரின்சிதானே?"

"நானா?" என்றாள் பிரின்சி. "நல்லாக் கேட்டீங்க. நான் ஒரு வாரமா ஜவுளிக்கடைக்கும் தையல்காரி வீட்டுக்கும் அலையுதேன். வீட்ல கால் தரிக்கல. பக்கத்து வீட்டக்கா யாராவது வச்சிருப்பாக."

மிஸ் ஆக்னஸைப் பார்த்தாள். ஆக்னஸ் தன் கையைப் பார்த்தாள்.

"யாரும் வைக்கல," என்றாள் மெதுவாக. "பை கீழ கிடந்துச்சு. இறக்கணும்னா மேல இருக்கணும்ல? அதான்..."

"வலிச்சுதா?"

"கவனிக்கல, மிஸ்."

"அடி கள்ளி," என்றார் அண்ணாச்சி.

மிஸ் ஒரு பாயை எடுத்து உதறி ஆக்னஸின் காலடியில் விரித்தாள். விரித்து, அதிலேயே கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பிரின்சி, பிள்ளையை அக்கா கையில கொடு."

ஆக்னஸ் ஓரடி பின்னால் போனாள். "மிஸ், உப்பு வேற, இவ வேற. உப்பு விழுந்தா கூட்டி அள்ளிரலாம்."

"ஆமா."

"எனக்குப் பயமா இருக்கு."

"வாயால சொல்லிட்டீங்க. நல்லது. தூக்க வேண்டாம், அக்கா. பிரின்சி தூக்கித் தருவா. பக்கத்துலயே நிப்பா. கீழ நான் இருக்கேன். நீங்க இறக்குங்க, போதும்."

பிரின்சி ஜோவியைத் தூக்கினாள். ஆக்னஸின் இடது கையில் உட்கார வைத்தாள். தன் கைகளை உடனே எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.

பிள்ளையின் கனம் வந்து சேர்ந்தது. பவுடரும் பாலும் கலந்த அந்த வாசம் இத்தனை கிட்டத்தில், இத்தனை உயரத்தில் ஆக்னஸுக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. ஜோவி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் எப்படிப் போகப் போகிறது என்று பார்த்தாள்.

ஆக்னஸ் அவளைப் பார்த்தே பேசினாள்.

"இங்க வலிக்கல, ஜோவி. இப்ப இறங்கப் போறோம்."

கப்பிக்கு அடியிலிருந்து அண்ணாச்சி தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏறின கியர்லயே வாம்மா. அவசரம் இல்ல." சொல்லிவிட்டு, மலை இறங்குகிற வண்டி மாதிரி தொண்டைக்குள் உறுமினார். "உர்ர்ர்..."

ஜோவி அவர் பக்கம் திரும்பினாள். உதட்டைக் குவித்தாள். "உர்ர்ர்..."

"இங்க லேசா வலிக்குது," என்றாள் ஆக்னஸ். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கை நிற்கவில்லை, ஓடவும் இல்லை. "இங்கயும் வலிக்குது... கொஞ்சம்... இப்ப இல்ல... இப்ப வலிக்கல..."

"உர்ர்ர்..." என்று இரண்டு குரல்கள் கூடவே இறங்கின.

முழங்காலை மடித்தாள். ஜோவியின் ஒரு பாதம் பாயைத் தொட்டது. பிறகு அடுத்த பாதம். ஆக்னஸ் அப்புறமும் கையை எடுக்கவில்லை. பிள்ளை நன்றாக நிற்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தாள்.

"பாம் பாம்!" என்று அண்ணாச்சி ஹாரன் அடித்தார். "வண்டி ஸ்டாண்டுக்கு வந்தாச்சு. எல்லாரும் இறங்கலாம்!"

ஜோவி கெக்கலித்துச் சிரித்தாள். மாடிப்படியில் சிரித்த அதே சிரிப்பு. ஆக்னஸ் அதைக் கேட்டாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

அவள் நிமிர்ந்து நின்றாள். மிஸ் பாயில் அப்படியே இருந்தாள்.

சிரித்து முடித்த பிள்ளை இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தியது. முட்டுக் கொடுக்கவில்லை. பல்லைக் கடிக்கவில்லை. கண்ணை மூடவில்லை.

பிரின்சி பழக்கத்தில் குனிந்தாள். ஜோவி அவள் கையைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா," என்றாள். "அம்மா தூக்கு."

பிரின்சி இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றுகொண்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அண்ணாச்சியின் கையில் கயிறு பாதியில் நின்றது.

ஆக்னஸின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. அவள் பிள்ளையைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள்.

"மிஸ்."

"ம்?"

"தூக்குறது எப்படின்னு நீங்க இன்னும் சொல்லித் தரவே இல்லையே, மிஸ்."

மிஸ் எழுந்திருக்கவில்லை. ஜோவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எவ்வளவு நேரமா கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க," என்றாள். "அவளுக்குத் தோள் வலிக்காதா, அக்கா?"